இடது கைக்காரனின் வலது தோள்

பான் நோங் தூம், கோன் கேன்
பிப்ரவரி 6

அன்புள்ள புவாலை அக்காவுக்கு,

நானும் அம்மாவும் நலம். தைவான் குளிரில் உன் இருமல் நின்றதா?

காயம் ஆறிவிட்டது. தையல் பிரித்தாயிற்று. நீ கேட்டதால் எழுதுகிறேன். வலது கழுத்தெலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் ஒரு சின்ன உலோகப் பெட்டி வைத்திருக்கிறார்கள். நீ போன வருஷம் அனுப்பினாயே மல்லிகை சோப்பு, அந்த அளவு. அதிலிருந்து ஒரு கம்பி இதயத்துக்குள் போகிறது. அடிப்பு தாறுமாறானால் அதுவே மின்சாரம் பாய்ச்சிச் சரிசெய்யுமாம். வயல் வரப்பில் நான் விழுந்தது போல இன்னொரு தடவை விழுந்தாலும் எழுந்துவிடுவேனாம். பிரயூன் அண்ணனுக்கு இது இருந்திருந்தால் சிங்கப்பூரில் தூங்கப் படுத்தவன் காலையில் எழுந்திருப்பான் என்றார் டாக்டர். அம்மா அதைக் கேட்டபடி டாக்டரின் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல்கலைக்கழகத்துக்கு இந்த வருஷம் போகவில்லை. விடுதியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே குளியலறை.

அம்மா மறுபடி காவிப் பேச்சை எடுத்திருக்கிறாள். அண்ணன் துறவு கொள்ளாமலே போய்விட்டான், நானாவது ஒரு மழைக்காலம் பிக்குவாக இருக்க வேண்டும், என் காவியின் நுனியைப் பிடித்துக்கொண்டு அவள் சொர்க்கம் போக வேண்டும் என்கிறாள். பார்க்கலாம் என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
பைவன்


தாவ்யுவான்
மார்ச் 2

என் பைவனுக்கு,

அக்கா நலம். இருமல் போய்த் தொலைந்தது; பதிலுக்கு முதுகுவலி வந்திருக்கிறது. அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? உன் கடிதங்கள் வரவர மெலிகின்றன. நீயும் மெலிந்திருப்பாய் என்று நினைக்கிறேன்.

அம்மா கேட்பதற்கு "பார்க்கலாம்" என்றா பதில் சொல்வாய்? அண்ணனைப் பெட்டியில் கொண்டுவந்து இறக்கியபோது நான் ஊரில் இல்லை. இருந்தவன் நீ. அம்மா எப்படி இருந்தாள் என்று என்னைவிட உனக்குத் தெரியும். அவளுக்கு மிச்சம் இருக்கிற ஆண்பிள்ளை நீ ஒருவன்தான். நான் காவி கட்ட முடியுமா? முடிந்தால் கட்டிவிடுவேன். இந்த மில்லில் தினமும் முதலாளி கத்துவதைக் கேட்டு எனக்குப் பாதி ஞானம் வந்துவிட்டது.

போட்டோ கேட்டேன், கழுத்து வரைக்கும் எடுத்து அனுப்பியிருக்கிறாய். பாஸ்போர்ட்டுக்கா கேட்டேன்? என்னோடு தைக்கிற பெண்கள் வாங்கிப் பார்த்துவிட்டு, "உன் தம்பிக்கு ஒடம்பு இருக்கா, இல்ல தலை மட்டும்தானா?" என்று கேட்கிறார்கள்.

ஒழுங்காக ஒரு போட்டோ அனுப்பு. உன் லம்துவானை நான் விசாரித்ததாகச் சொல். அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா


பான் நோங் தூம்
ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். வெயில் கடுமை. புத்தாண்டு முடிந்தது.

நீர்த் திருவிழா மூன்று நாளும் வீட்டுக்குள்ளேயே இருப்பதாக இருந்தேன். இரண்டாம் நாள் லம்துவான் வாசலில் வந்து நின்றாள். கையில் கிண்ணம், கிண்ணத்தில் மல்லிகை மிதக்கும் தண்ணீர். எப்படி வேண்டாம் என்பது? தோளில் மெதுவாகத்தான் ஊற்றினாள். நான் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை.

சட்டை ஒட்டிக்கொண்டது. பெட்டியின் விளிம்பு தெரிந்தது. கம்பி கழுத்துப் பக்கம் வளைந்து போவதும் தெரிந்தது. சங்வியன் அத்தையின் பேரன் ஓடிவந்து தொட்டுப் பார்த்து, "மாமா, இதுல பாட்டு வருமா?" என்றான்.

"பாட்டெல்லாம் வராதுடா, சேதி மட்டுந்தான்" என்றது ஒரு குரல். தெரு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

லம்துவான் சிரிக்கவில்லை. தன் துண்டை எடுத்து என் தோளில் போட்டு மூடினாள். சிரித்திருக்கலாம். அதன் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

உனக்கு இதைச் சொல்ல வேண்டும். அறுவைக்கு முன் டாக்டர் கேட்டார். "எந்தக் கையால வேலை செய்வே?"

"இடது கை" என்றேன்.

"அப்போ வலப்பக்கம் வெச்சிடலாம். உனக்குத்தான் சௌகரியம்."

எல்லோருக்கும் இடப்பக்கம்தான் வைப்பார்களாம். பக்கத்துக் கட்டில்காரருக்கு இடப்பக்கம். வார்டில் இருந்த எல்லோருக்கும். சிறுவயதில் அம்மா என் இடது கையை இடுப்போடு சேர்த்துத் துணியால் கட்டிவைப்பாளே, நினைவிருக்கிறதா? நான் பல்லால் அவிழ்த்துவிடுவேன். அவிழ்க்காமல் இருந்திருக்கலாம்.

காவி இடது தோளை மூடும், வலது தோளைத் திறந்துவிடும், உனக்குத் தெரியும்.

ஒரு மழைக்காலம் முழுக்க, அக்கா. கும்பிட வருகிறவர்கள் எல்லோரும் மண்டியிட்டுத் தலையைத் தூக்கினால் முதலில் பார்ப்பது அதுவாக இருக்கும். அதற்கு முன்னால் தலையை மழித்து, ஊர் கூடி என்னைக் குளிப்பாட்டுவார்கள். நான் இப்போது சட்டையோடுதான் குளிக்கிறேன். ஈரச் சட்டையை இருட்டில் மாற்றுகிறேன். பெட்டிக்கு மேல் தோல் மெலிந்து பளபளக்கிறது. என்னுடைய தோல் போல இல்லை. படுத்தால் அது ஒரு பக்கம் சரிகிறது, நான் ஒரு பக்கம் சரிகிறேன்.

அண்ணன் இறந்துபோன வருஷம், விதவைப் பேய் ஆண்களைத் தேடி அலைகிறது என்று ஊரில் எல்லா ஆண்களும் நகத்தில் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டார்கள், பெண் என்று அது ஏமாறட்டும் என்று. எனக்கு அம்மா பூசிவிட்டாள். பள்ளிக்கூட வாத்தியாரும் சிவப்பு நகத்தோடுதான் பலகையில் எழுதினார். எல்லோருக்கும் இருந்ததால் யாருக்கும் வெட்கமில்லை.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. காயத்துக்கு நானே மருந்து போட்டுக்கொண்டேன். அவள் இன்னும் அதைப் பார்த்ததில்லை.

பைவன்


தாவ்யுவான்
மே 5

பைவா,

நலமாக இரு.

உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன். பிக்குவாகப் போகிறவனுக்கு உடம்பு என்ன, தோல் என்ன என்று. எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். கிழித்துவிட்டேன்.

பெரிய பிக்குவிடம் ஒன்றும் கேட்காதே. கேட்டால் யோசிப்பார், யோசித்தால் வேண்டாம் என்பார். அம்மாவிடம் மட்டும் சரி என்று சொல். மற்றதை என்னிடம் விடு. பத்து வருஷமாகத் தைக்கிறேன். யாரோ ஊர் பேர் தெரியாதவர்களுக்குக் கை வைத்து, காலர் வைத்து அனுப்புகிறேன். என் தம்பியின் ஒரு தோளை மூட எனக்குத் தெரியாதா?

லம்துவான் துண்டு போட்டதற்கு அர்த்தம் நீ நினைப்பதுதான் என்று யார் சொன்னது? போய்ப் பேசு, முட்டாளே.

அம்மா எப்படி இருக்கிறாள் என்று நீ இந்தத் தடவை எழுதவில்லை.

அக்கா


பான் நோங் தூம்
மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவும் நலம். கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, வெயில் என்கிறாள்.

சரி என்று சொல்லிவிட்டேன்.

அம்மா அப்போது ஒட்டரிசிச் சோற்றுக்கூடையை மூடிக்கொண்டிருந்தாள். மூடியைக் கையில் வைத்தபடியே நின்றாள். பிறகு, "நெசமாவா சொல்றே? நாளைக்கு மாத்திப் பேச மாட்டியே?" என்றாள்.

"மாத்த மாட்டேம்மா."

"ஏன்னா நான் இப்பவே போயி சங்வியன்கிட்ட சொல்லிடுவேன். சொல்லிட்டா ஊருக்கே தெரிஞ்ச மாதிரி."

செருப்புக்கூடப் போடாமல் போனாள்.

மழைக்காலத் தவம் தொடங்குவதற்கு முன், ஜூலை முதல் வாரத்தில் நாள் குறித்திருக்கிறார்கள். அம்மா அவசரப்படுகிறாள். மேளக்காரர்களுக்குச் சொல்லியாயிற்று. தினமும் மாலையில் விகாரைக்குப் போய்ப் பாலி வாசகங்கள் மனப்பாடம் செய்கிறேன். அதில் ஒரு பகுதி கேள்விகள். நீ மனிதனா? மனிதன்தான் ஐயா. நீ ஆண்மகனா? ஆம் ஐயா. முதல் கேள்விக்கு என் குரல் ஒவ்வொரு நாளும் கம்முகிறது. பெரிய பிக்கு, "சத்தமா சொல்லுடா, சந்தேகமா?" என்கிறார். பையன்கள் சிரிக்கிறார்கள்.

கதவைச் சாத்திக்கொண்டு துண்டை வலது தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்க்கிறேன். மூடியிருக்கும்போது நான் பழையபடிதான் இருக்கிறேன்.

நீ என்ன செய்யப்போகிறாய் என்று தெரியவில்லை. அதை நம்பித்தான் சரி என்றேன்.

பைவன்


தாவ்யுவான்
ஜூன் 11

என் பிக்குத் தம்பிக்கு,

இன்றைக்கு எனக்கு முதுகுவலிகூட இல்லை. பார்சல் அனுப்பிவிட்டேன்.

பிக்குகள் காவிக்குள் போடுகிற ஒற்றைத்தோள் உள்சட்டை. கடையில் வாங்கினால் எல்லாம் இடது தோளுக்குத்தான் வரும். இது வலது தோளுக்கு. கண்ணாடியில் பார்ப்பது போல எல்லாவற்றையும் மாற்றி வெட்டினேன். பட்டையை அகலமாக வைத்திருக்கிறேன், கழுத்தெலும்பிலிருந்து நாலு விரல் கீழே வரை இறங்கும். பெட்டி இருக்கிற இடத்தில் உள்பக்கம் மெத்தென்று இரண்டு மடிப்புத் துணி. உரசாது, மேடும் தெரியாது. இந்த நிறத் துணிக்காக மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்தேன். கடைக்காரி, "திரைச்சீலைக்கா?" என்றாள். ஆமாம், ஒரு சன்னலை மூடணும் என்றேன்.

மேலே காவியையும் அதே மாதிரி மாற்றிச் சுற்றிக்கொள். போட்டுக்கொண்டு போய் நின்றுவிட்டால் யாரும் கழற்று என்று சொல்ல மாட்டார்கள். காவி கட்டியவனின் முகத்தைப் பார்த்துக் கும்பிடுவார்களா, எந்தத் தோள் என்று கணக்கெடுப்பார்களா?

அம்மா காவியின் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற போட்டோ ஒன்று எனக்கு வேண்டும். முழு உடம்பும் தெரிகிற போட்டோ.

அன்பு முத்தங்கள்,
அக்கா


பான் நோங் தூம்
ஜூலை 3

அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

பார்சல் வந்தபோது நான் வயலில் இருந்தேன். அம்மா வாங்கியிருக்கிறாள். மகள் வெளிநாட்டிலிருந்து காவி அனுப்பியிருக்கிறாள் என்று சங்வியன் அத்தையையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பிரித்திருக்கிறாள். தலையில் வைத்துக் கும்பிட்டிருக்கிறாள். பிறகு அளவு பார்க்கத் தன் மேல் வைத்துப் பார்த்திருக்கிறாள். பட்டை வலது தோளுக்கு வந்தது. திருப்பினாள். இடது தோளுக்கு வந்தது, ஆனால் மார்பில் இருக்க வேண்டியது முதுகுக்குப் போய்விட்டது.

நான் வந்தபோது அத்தை சொல்லிக்கொண்டிருந்தாள். "முன்னாடிய பின்னாடி தைச்சிருக்காளே. யாருக்குடி இது? பொணத்துக்கா?"

செத்தவர்களுக்குத்தான் சட்டையை முன்பின்னாகப் போடுவோம். உனக்கும் தெரியும். எனக்கும் தெரியும். உன் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அது தோன்றவில்லை. நாம் இருவரும் தோளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மா சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். "பிரயூனுக்கு நான் இப்படித்தாண்டா போட்டுவிட்டேன். பித்தான் எல்லாம் முதுகுப் பக்கம். நான்தான் போட்டேன். வேற யாரையும் தொட விடல. இப்ப இவ உனக்குத் தைச்சு அனுப்பியிருக்கா. அவளுக்கு என்ன கனா வந்துச்சு? எதைப் பார்த்தா அவ?"

உன்மேல் பழி விழக் கூடாது. தோளை மூடத்தான் இது என்று சொன்னேன். சொன்னது புரியவில்லை. சட்டையைக் கழற்றினேன். நடுப்பகல், வாசல் திறந்திருந்தது, அத்தையும் இருந்தாள்.

அத்தை கிட்டே வந்து நன்றாகப் பார்த்தாள். "இவ்வளவுதானா? எங்க வீட்டுக்காரருக்கு முதுகுல இருந்த கட்டி இதைவிடப் பெருசு. அதுக்குப் பேரே வெச்சிருந்தோம்" என்றாள். அவளை எனக்கு அந்த நிமிஷம் பிடித்தது.

அம்மா பார்த்தாள். அது ஒரு தடவை துடித்தது என்று நினைக்கிறேன், அல்லது என் மார்பு துடித்தது. அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மூடுடா" என்றாள்.

அவ்வளவுதான். மறுநாள் மேளக்காரர்களுக்கு ஆள் அனுப்பினாள். பையனுக்கு உடம்பு சரியில்லை, இந்த வருஷம் இல்லை என்று ஊரில் சொல்லிவிட்டாள். உள்சட்டையை எரித்துவிட்டேன் என்றாள். நான் கேட்கவில்லை.

இப்போது சோற்றுக்கூடையை என் பக்கம் நகர்த்தும்போது என் கையைப் பார்க்கிறாள், முகத்தைப் பார்க்கிறாள், நடுவில் இருப்பதைத் தாண்டிவிடுகிறாள்.

ஊரில் ஒவ்வொருவரின் கண்ணையும் நினைத்துப் பயந்திருந்தேன். இந்தக் கண்களை நினைக்கவில்லை.

பைவன்


தாவ்யுவான்
ஜூலை 25

பைவா, என் தங்கமே,

நான் நலமில்லை. உன்னிடம் பொய் சொல்ல வரவில்லை.

தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தால் தைத்ததையே பிரித்துக்கொண்டிருக்கிறேன். நான் என்ன செய்தேன்? உயிரோடு இருக்கிற தம்பிக்கு அளவெடுத்துச் சாவுச்சட்டை தைத்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்து. ஒரு தடவைகூட அது மண்டையில் உறைக்கவில்லை. என்னை அடி.

ஆனால் ஒன்று கேள். இன்னும் நாள் இருக்கிறது. போய்க் காவி கட்டு. ஊரில் எல்லோரும் கட்டுகிற மாதிரி கட்டு. தோள் தெரியட்டும். அம்மா ஒரு நாள் பார்க்க மாட்டாள், இரண்டு நாள் பார்க்க மாட்டாள். பயத்தில் திருப்பிய முகம்டா அது. வெறுப்பு இல்லை. ஒரு பிள்ளையை முன்பின்னாக உடுத்தி அனுப்பியவள். இன்னொருவன் மார்பில் இரும்பைப் பார்த்தால் என்ன செய்வாள்?

தயவுசெய்து போ. உடனே பதில் எழுது. நான் பிப்ரவரியில் வந்துவிடுவேன்.

அக்கா


பான் நோங் தூம்
ஆகஸ்ட் 19

அக்காவுக்கு,

நலம். மழை நன்றாகப் பெய்கிறது. நடவு முடிந்தது. தவக்காலம் தொடங்கிவிட்டது.

அம்மா சாப்பாட்டில் உப்பைக் குறைத்திருக்கிறாள்.

பைவன்


தாவ்யுவான்
செப்டம்பர் 20

பைவனுக்கு,

நலமா? உப்பைக் குறைத்திருக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? யார் சொல்லிக் குறைத்தாள்? கால் வீக்கம் என்று மே மாதம் எழுதினாய், பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஊர்க் கடைக்கு இரண்டு ஞாயிறு போன் போட்டேன். முதல் தடவை, அம்மா தூங்குகிறாள் என்றார்கள். இரண்டாம் தடவை கடைக்காரி, "உன் தம்பி எழுதலையா?" என்று கேட்டுவிட்டு, லைன் சரியில்லை என்று வைத்துவிட்டாள். லைன் நன்றாகத்தான் இருந்தது.

மறைக்காதே. ஒரு வரி எழுது. ஒரே ஒரு வரி.

அக்கா


பான் நோங் தூம்
அக்டோபர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். மில்லில் விடமாட்டார்கள் என்று தெரியும். நீ வராததைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தந்தியில் எழுத முடியாததை எழுதுகிறேன்.

சிறுநீரகம். அம்மாவுக்கு வருஷத் தொடக்கத்திலேயே தெரியுமாம். என் தையல் பிரிக்க வந்த அன்று அதே ஆஸ்பத்திரியில் தன்னையும் காட்டியிருக்கிறாள். சங்வியன் அத்தை இப்போது சொல்கிறாள். காவிக்கு ஏன் அப்படி அவசரப்பட்டாள் என்று அதன் பிறகுதான் புரிந்தது. நோய் எனக்கு ஆகஸ்டில்தான் தெரிந்தது. உனக்கு எழுத வேண்டாம் என்றாள்.

கடைசி வாரம் நான்தான் தூக்கிக் குளிப்பாட்டினேன். ஒரு நாள் தூக்கும்போது அவள் தலை என் வலது தோளில் சாய்ந்தது. கன்னம் பெட்டியின் மேல் பட்டது. அசையாமல் நின்றேன். சட்டை போட்டிருந்தேன், ஆனாலும் தெரிந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்துத் தலையை மெதுவாக எடுத்து இடப்பக்கம் வைத்துக்கொண்டாள். அந்த வாரம் அவளுக்கு ஆள் அடையாளமே தெரியவில்லை, சும்மா அசைந்திருப்பாள் என்கிறாள் அத்தை. நீயும் அப்படித்தான் எழுதுவாய். எழுத வேண்டாம்.

தாய் தகப்பன் சிதைக்கு முன் மகன் ஒரு நாள் மட்டும் காவி கட்டுவானே, அதைச் செய்தேன். தலை மழித்தார்கள். ஊர் கூடிக் குளிப்பாட்டியது. சட்டை இல்லை. பிறகு எல்லோரும் கட்டுகிற மாதிரியே கட்டினேன், வலது தோள் திறந்திருந்தது. அம்மாவின் சவப்பெட்டியிலிருந்து வரும் வெள்ளை நூலைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். வெயில் தோளில் விழுந்தது. உலோகம் இருக்கிற இடம் கொஞ்சம் அதிகமாகச் சுட்டது போல இருந்தது. யாரும் பார்க்கவில்லை, அக்கா. லம்துவான்கூட நின்றிருந்தாள், நெருப்பைத்தான் பார்த்தாள். ஊர் முழுக்க நெருப்பைத்தான் பார்த்தது.

ஒன்று விட்டுவிட்டேன். அதற்கு முன்னால் நடந்தது. அம்மாவுக்கு உடுத்தத் துணி வேண்டும் என்று அத்தை கேட்டபோது அவளுடைய இரும்புத் துணிப்பெட்டியைத் திறந்தேன். தனக்கு உடுத்த வேண்டியதை அம்மா தனியாக மூட்டை கட்டி வைத்திருந்தாள். பச்சைப் பட்டுப் பாவாடை, வெள்ளை ரவிக்கை. நடுவில் மடித்து நீ தைத்த உள்சட்டை. எரிக்கவில்லை. துவைத்திருந்தாள்.

அத்தை ரவிக்கையை முன்பின்னாகப் போட்டுவிட்டாள். உள்சட்டையை என்ன செய்வது என்று என்னைப் பார்த்தாள். அம்மாவின் விரல்கள் விறைத்திருந்தன. ஒவ்வொன்றாக விரித்து, பட்டையின் நுனியை உள்ளே வைத்து, மறுபடி மூடினேன். இடது கையால்தான் செய்ய வந்தது.

அது அவளோடு எரிந்தது.

நீ அழுதுகொண்டே இருக்காதே. முதுகுக்கு மருந்து போடு. இங்கே நெல் கதிர் விட்டிருக்கிறது. போன வாரம் ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். இதயம் ஒழுங்காக அடிக்கிறது, பெட்டி இன்னும் சில வருஷம் ஓடும் என்றார்கள்.

அதுவரை நான் நலம்.

உன் தம்பி,
பைவன்